மலை எரியும்போது

திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தின் பின்புறமாகக் கந்தாசிரமத்துக்கு ஏறும் பாதையில் இன்று மர நிழல் உண்டு. சில பத்தாண்டுகளுக்கு முன்பு அந்தச் சரிவில் பெரும்பாலும் பாறையும் புல்லும்தான். மரம் நட்டவர்களுக்குப் பெரிய எதிரி, கோடைத் தீ.

மாசி, பங்குனியில் மலைப்புல் காய்ந்து சருகாகும். அணைக்காமல் எறிந்த ஒரு பீடித்துண்டு போதும். தீ சரிவில் ஏறும்போது மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடும். அதனால் சமவெளியைவிட வேகமாக ஓடும். தண்ணீர் வண்டி அங்கே ஏற முடியாது. பச்சைத் தழையால் அடித்துத்தான் அணைக்க வேண்டும்.

அதனால்தான் இந்த மலையில் மரம் நடும் 'தி ஃபாரஸ்ட் வே' அமைப்பினர், கோடைக்கு முன்பே புல்லை அகலமாக அறுத்துத் தீத்தடுப்புக் கோடுகள் போடுகிறார்கள். எரிய ஏதுமில்லாத இடத்தில் தீ நின்றுவிடும். இதே அமைப்பு கணந்தம்பூண்டியில் மருதம் பண்ணைப் பள்ளியையும் நடத்துகிறது. மலையில் ஏறி நடந்து, காய்ந்த புல்லையும் அறுத்த கோட்டையும் கண்ணால் பார்க்கும் பிள்ளைக்குத் தீயின் குணம் தானே புரியும். கரும்பலகையில் எழுதிப்போட்டால் இது வராது.

தீ மலையில் மட்டும் வருவதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்புத் துறையின் தீத்தொண்டு வாரம். அந்த நாட்களில் உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஈரச்சாக்கால் தீயை மூடவும், புகையில் தரையோடு தவழவும் அவர்களே செய்து பழகட்டும். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் 101.