கம்பு சுற்ற மூச்சு வேண்டாமா?

எட்டாவது படிக்கும் என் மகள், "நான் சிலம்பம் கத்துக்கப் போறேன்" என்று ஒரு நாள் வந்து நின்றாள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி கம்பு?" என்று என் மாமியார் முகத்தைச் சுளித்தார். என் கணவர்தான், "தனியா டியூஷன் போயிட்டு வர்ற பிள்ளை, கத்துக்கட்டும்மா" என்று சமாதானம் செய்தார்.

மதுரையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு காலி மனையில் சாயங்காலம் வகுப்பு நடக்கும். பீஸ் கட்டி, அவள் நெற்றி உயரத்துக்குக் கம்பும் வாங்கிக் கொடுத்தேன். ஒரு மாதம் ஆயிற்று. கம்பு கதவு மூலையிலேயே சாய்ந்து கிடந்தது. கேட்டால், "ஆசான் ஓடச் சொல்றாரு, உட்கார்ந்து எந்திரிக்கச் சொல்றாரு, அவ்வளவுதான்மா" என்கிறாள்.

எனக்கு வந்ததே கோபம்! நேரே போய், "அண்ணே, கம்பு சுத்தத்தானே பீஸ் கட்டினோம்?" என்று கேட்டேவிட்டேன். ஆசான் சிரித்துக்கொண்டே ஒரு கம்பை என் கையில் கொடுத்தார். "முழங்காலை மடக்கித் தாழ நின்னு, காலை முன்னும் பின்னும் மாத்திக்கிட்டே சும்மா சுத்துங்க தங்கச்சி. நான் எண்ணுறேன்" என்றார்.

முப்பது எண்ணுவதற்குள் என் தொடை வெடவெடவென்று நடுங்கியது. தோள் கனத்தது. மூச்சு இரைத்ததில் பேச்சே வரவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் தூக்கிய உடம்பாயிற்றே என்று நான் வைத்திருந்த பெருமை அன்றோடு போயிற்று.

"கம்பைக் கையா சுத்துது? காலும் மூச்சும்ல சுத்துது" என்றார் ஆசான். வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன்.

பிறகு காலடி, சலாம் வரிசை என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். முதல் போட்டியும் வந்தது. தொடுமுறை என்ற பிரிவில், எதிராளியின் உடம்பைக் கம்பால் தொட்டால் புள்ளி. ஆரம்பத்தில் என் மகள்தான் முந்தினாள். கொஞ்ச நேரத்தில் அவள் கம்பு தாழ ஆரம்பித்தது. எதிரே நின்ற பெண் ஒன்றன் பின் ஒன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள்.

"எல்லா அடியும் தெரியும்மா, கைய தூக்க முடியலை" என்று அழுதாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஒழுங்கா பழகினா ஏன் தோக்குற?" என்று எல்லார் முன்னாலும் திட்டினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சில் முள் குத்துகிறது. ஆசான்தான் தடுத்தார். "பிள்ளை உதடு வெளுத்திருக்கு பாருங்க. ஓட்டத்திலயும் முதல்ல இவளுக்குத்தான் மூச்சு வாங்குது. டாக்டர்கிட்ட காட்டுங்க தங்கச்சி" என்றார்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.1 என்று வந்தது. இந்த வயதுப் பெண்ணுக்கு 12க்குக் குறையக் கூடாதாம். டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. காலையில் வேன் வந்துவிடும் என்று வெறும் காபியோடு ஓடுவாள். சரி போ என்று நானும் விட்டிருந்தேன். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை, வயிற்றைப் புரட்டுகிறது என்று பென்சில் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள். 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேருக்கு ரத்தசோகை. என் பெண் மட்டும் இல்லை, பாருங்கள்!

டாக்டரம்மா விளக்கியதை நம் வீட்டுக் கணக்காகவே சொல்கிறேன். நம் தசைகளில் உடனடிச் செலவுக்கென்று இருக்கும் சக்தி, பர்ஸில் உள்ள சில்லறை மாதிரி. வேகமாக அடித்தால் சுமார் பத்து விநாடியில் தீர்ந்துவிடும். அடுத்தது கைமாற்று. பிராணவாயு இல்லாமலே சர்க்கரையை உடைத்துச் சக்தி எடுப்பது. அது ஓரிரு நிமிடம் தாங்கும். அதற்குள் கையும் காலும் கனத்துவிடும். அதற்கு மேல் நிற்க வேண்டுமானால் மாதச் சம்பளம்தான். அதாவது, மூச்சில் வரும் பிராணவாயுவை ரத்தம் சுமந்து போய்த் தசைக்குக் கொடுக்க வேண்டும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் சம்பளமே பாதியாகிவிட்ட மாதிரிதான். பிறகு எத்தனை அடிமுறை தெரிந்து என்ன பயன்?

மூன்று மாதத்துக்கு மேல் டாக்டர் சொன்னபடி மாத்திரை கொடுத்தேன். மாத்திரை போடும் நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் காபி, டீ கிடையாது. அவை இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாதாம். அதற்குப் பதில் எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ நல்லது. காலையில் கேழ்வரகுத் தோசையோ இட்லியோ சாப்பிடாமல் வாசல் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டேன். வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரை, சாயங்காலம் கடலை உருண்டை, ஞாயிற்றுக்கிழமை ஈரல்.

பயிற்சியை ஆசான் பார்த்துக்கொண்டார். முதல் பத்து நிமிடம் மெதுவான ஓட்டமும் மூட்டுகளைத் தளர்த்துவதும். பிறகு கயிறு தாண்டுதல், உட்கார்ந்து எழுதல். அதன் பிறகே கம்பு. தெம்பு கூடக் கூட, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அளவைக் கூட்டினார். மூட்டு வலித்தால் அன்று ஓய்வு. மாதவிலக்கு நாட்களில் முடிந்தால் செய்யலாம், முடியாவிட்டால் கட்டாயமில்லை.

ஒரு நாள் அவர் பிள்ளைகளிடம் சொன்னது என் மனதில் நின்றுவிட்டது. "தெருவில எவனாவது வம்பு பண்ணினா நின்னு சண்டை போடாதீங்க. ஓர் அடி, சத்தமா ஒரு கூச்சல், உடனே ஓட்டம். அதுக்குத்தான் ஓடச் சொல்றேன்." பெண்ணைப் பெற்ற எனக்கு அப்போதுதான் அந்த ஓட்டத்தின் அருமை புரிந்தது.

இப்போது நானும் மொட்டை மாடியில் கம்பு சுற்றுகிறேன். "இந்த வயசுலயா?" என்று மாமியார் சிரித்தார். கேரளத்தில் வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மா ஏழு வயதில் களரி கற்கத் தொடங்கி, எழுபதைத் தாண்டியும் வாள் சுழற்றி, 2017ல் பத்மஸ்ரீ வாங்கிய கதையைச் சொன்னேன். மறுநாளிலிருந்து மாமியாரும் மாடியில் நடக்க ஆரம்பித்துவிட்டார்!

ஆறு மாதத்தில் என் மகளின் ஹீமோகுளோபின் 12.2க்கு வந்தது. அடுத்த போட்டியிலும் ஒரு புள்ளியில் தோற்றாள். ஆனால் கடைசி விசில் வரை அவள் கம்பு தாழவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு பேருமாக ஜிகர்தண்டா சாப்பிட்டோம்.

உங்கள் பெண் கராத்தே, சிலம்பம் என்று கேட்டால் தாராளமாக அனுப்புங்கள். சீருடைக்கு அளவு கொடுப்பதற்கு முன்னால், அவள் காலையில் என்ன சாப்பிட்டுவிட்டுப் போகிறாள் என்று ஒரு கண் பாருங்கள்.