பழச் சர்க்கரையும் அமினோ அமிலமும்

மாம்பழ விலை சரியும் பருவங்களில் சங்கக் கூட்டங்களிலே ஒரு கேள்வி எழுவதுண்டு. "வீணாகும் பழத்தின் சர்க்கரையிலிருந்து விலையுயர்ந்த அமினோ அமிலம் எடுக்கலாமாமே, அத்தொழிலை நம் சங்கமே தொடங்கினால் என்ன?" என்பதே அது. அங்கத்தினர்களின் பங்குத்தொகை சம்பந்தப்பட்ட விஷயமாதலால் இதனை நிதானமாக ஆராய்வோம்.

இழைகள் சேர்ந்து துணியாவதுபோல, ஏறத்தாழ 20 வகை அமினோ அமிலங்கள் கோவையாகச் சேர்ந்து புரதமாகின்றன. இவற்றுள் குளுட்டாமிக் அமிலத்தின் உப்பு உணவுக்குச் சுவையூட்டப் பயன்படுகிறது. லைசின் என்பது, மக்காச்சோளத்தில் அது குறைவாக இருப்பதால், கோழித் தீவனத்தில் சேர்க்கப்படுகிறது.

1908-ல் ஜப்பானியப் பேராசிரியர் கிகுனே இகேடா கடற்பாசியிலிருந்து குளுட்டாமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பின்னர் நெடுங்காலம் கோதுமைப் புரதத்தை அமிலத்தில் கொதிக்கவைத்தே அது தயாரிக்கப்பட்டது. 1956-ல் கியோவா ஹக்கோ நிறுவனத்தைச் சேர்ந்த கினோஷிட்டாவும் அவர் குழுவினரும், சர்க்கரையை உண்டு அவ்வமிலத்தை வெளிவிடும் ஒரு பாக்டீரியாவைக் கண்டறிந்தனர். கொரினிபாக்டீரியம் குளுட்டாமிக்கம் என்பது அதன் இன்றைய பெயர்.

பதநீரில் ஈஸ்ட் புகுந்தால் கள்ளாகிறது என்பதை நாம் அறிவோம். சர்க்கரை ஒன்றேயாயினும், அதை உண்ணும் உயிருக்கேற்ப விளைபொருள் மாறுகிறது. பழத்திலுள்ள குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ் ஆகிய மூன்றையும் இப்பாக்டீரியா உண்ணும். ஆயினும் சர்க்கரை மட்டும் போதாது. நைட்ரஜனுக்காக அமோனியா சேர்க்கவேண்டும். கிருமி நீக்கிய காற்றை இடைவிடாது செலுத்தவேண்டும். வெப்பம் 30 டிகிரி சென்டிகிரேடை ஒட்டி நிற்கவேண்டும். மேலும், பயோட்டின் என்னும் வைட்டமின் குறைந்திருந்தால்தான் பாக்டீரியா தன் அமிலத்தைத் தாராளமாக வெளியே விடும். பயோட்டின் மிகுந்த மூலப்பொருளாயின், தக்க தருணத்தில் பென்சிலின் சேர்த்து அதனை வெளிவிடச் செய்வர். அன்னியக் கிருமி புகுந்தாலோ கொப்பரை முழுவதும் பாழ்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். இரசாயன விதிப்படி 180 கிலோ குளுக்கோஸ் முழுவதும் மாறினாலும் கிடைப்பது 147 கிலோ குளுட்டாமிக் அமிலமே. நடைமுறையில் இதனினும் குறையும். 100 கிலோ மாம்பழச் சதையில் சர்க்கரை சுமார் 14 கிலோ. எஞ்சியதில் பெரும்பகுதி நீர். ஆகவே 100 கிலோ சதைக்கு 11 கிலோ அமிலத்தை எட்டுவதே அரிது. கரும்பாலைகளில் மிஞ்சும் மொலாசஸிலோ ஏறக்குறையச் சரிபாதி சர்க்கரை. அது பல மாதம் கெடாது. பழச்சாறு ஓரிரு நாளில் புளித்துவிடும். பெரிய ஆலைகள் மொலாசஸையும், மக்காச்சோளம், மரவள்ளி மாவிலிருந்து பெறும் சர்க்கரையையும் நாடுவதன் காரணம் இதுவே.

எனவே இத்தொழில் பொய்யன்று. ஆனால் சிறு சங்கத்தின் கைக்கு அடங்குவதும் அன்று. பழத்தைப் பருவத்திலேயே கூழாக்கிச் சுத்தமாக அடைத்து விற்பது நமக்கு அணுக்கமான வழி. எவரேனும் இயந்திரத் திட்டத்துடன் வந்தால் மூன்று கேள்விகளை எழுத்து மூலம் கேளுங்கள்: ஒரு டன் பழத்தில் சர்க்கரை எவ்வளவு? பழமில்லா மாதங்களில் கொப்பரைக்கு எதை இடுவது? விளைந்த அமிலத்தை எவர், எந்தத் தூய்மையில் வாங்குவார்? இவற்றுக்கு விடை வந்து, பொதுக்குழுவில் படிக்கப்பட்ட பின்னரே பங்குப் பணத்தைத் தொடுவது முறையாகும்.