தரிசு நிலத்தைச் சர்க்கார் விற்ற கதை

புறம்போக்கையும் தரிசையும் யாருக்குக் கொடுப்பது, இனாமாகக் கொடுப்பதா கிரயத்துக்குக் கொடுப்பதா, கொடுத்த பின் நிலம் உழுகிறவன் கையிலேயே நிற்கும்படி செய்வது எவ்வாறு என்னும் கேள்விகள் நம் கிராமங்களுக்குப் புதியவை அல்ல. இதே கேள்விகளோடு ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவில் நூறு ஆண்டுகள் மல்லாடினர். ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டம் இயற்றினர்; ஒவ்வொரு சட்டத்திலும் ஓட்டை கண்டுபிடித்தவர்களும் உடனுக்குடன் தோன்றினர். நம் சங்க அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளத்தக்க வரலாறு இது.

1788ஆம் ஆண்டு சிட்னியில் குடியேற்றம் தொடங்கியபோது, நியூ சவுத் வேல்ஸ் நிலம் முழுவதும் பிரிட்டிஷ் மன்னருக்கே சொந்தம் என்று வைத்துக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கு வாழ்ந்துவந்த பூர்வகுடிகளை ஒருவரும் கேட்கவில்லை. 1835ஆம் ஆண்டு ஜான் பேட்மன் என்பவர் இன்றைய மெல்போர்ன் பக்கத்தில், போர்வை, கத்தி, கோடரி, மாவு ஆகியவற்றைக் கொடுத்துப் பூர்வகுடித் தலைவர்களிடமிருந்து சுமார் 6,00,000 ஏக்கரை வாங்கியதாக ஒரு பத்திரம் எழுதினார். கவர்னர் பர்க் அதே ஆண்டில் அதைச் செல்லாது என்று அறிவித்தார். அதற்கு அவர் சொன்ன காரணம் விலை குறைவு என்பது அன்று. மன்னரின் நிலத்தை விற்க மற்றவர்க்கு உரிமை இல்லை என்பதே. நிலம் யாருக்கும் உரியதாக இருக்கவில்லை என்ற இந்தக் கொள்கையை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் 1992ஆம் ஆண்டில்தான் தள்ளியது. ஆகவே கீழே வரும் கிரயக் கணக்குகளைப் படிக்கையில், விற்கப்பட்ட சரக்கு எவருடையது என்பதை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டும்.

முதலில் எல்லாம் இனாம்தான். கவர்னர் பிலிப்புக்கு 1787ஆம் ஆண்டு கொடுக்கப்பட்ட உத்தரவுப்படி, விடுதலை பெற்ற கைதிக்கு 30 ஏக்கர், மணமானவனாயின் மேலும் 20, குழந்தை ஒன்றுக்கு 10 ஏக்கர் வீதம் நிலம். பத்தாண்டுகளுக்குத் தீர்வை இல்லை. விதையும் கருவியும் தொடக்கத்தில் உணவும் சர்க்கார் செலவு. திட்டம் நல்ல திட்டமே. ஜேம்ஸ் ரூஸ் என்னும் கைதி பாரமாட்டாவில் 1789ஆம் ஆண்டு இறுதியில் நிலத்தில் இறங்கி, சர்க்கார் உணவின்றித் தன் குடும்பம் பிழைக்கும் என்று காட்டி, 30 ஏக்கருக்குப் பட்டா பெற்றார். அவரும் 1793ஆம் ஆண்டில் அதை 40 பவுனுக்கு ஓர் இராணுவ வைத்தியருக்கு விற்றுவிட்டார். கடனுக்கும் சாராயத்துக்கும் ஈடாகப் பல சிறு பட்டாக்கள் படை அதிகாரிகளிடம் போய்ச் சேர்ந்தன. விதை கொடுத்த சர்க்கார், அடுத்த அறுவடை வரை தாங்கும் கடனுக்கு ஏற்பாடு செய்யவில்லை என்பதே நம் அபிப்பிராயத்தில் பெருங்குறை. மற்றொரு புறம் செல்வாக்குள்ளவர்க்கு இனாம் அளவின்றிப் பெருகிற்று. மெரினோ ஆட்டுரோமத் தொழிலுக்கு என்று ஜான் மக்கார்தர் லண்டன் வரை சென்று மந்திரியிடம் 5,000 ஏக்கருக்கு உத்தரவு வாங்கி வந்தார்.

இனாம் முறையை 1831ஆம் ஆண்டு ரிப்பன் விதிகள் நிறுத்தின. அதுமுதல் சர்க்கார் நிலம் ஏலத்தில்தான். ஏக்கருக்குக் குறைந்த விலை 5 ஷில்லிங். பின்னர் அது 12 ஷில்லிங் ஆகி, 1842ஆம் ஆண்டுச் சட்டத்தால் 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுன் ஆயிற்று. இதற்குப் பின்னால் எட்வர்டு கிப்பன் வேக்ஃபீல்டு என்பவரின் யோசனை இருந்தது. (பணக்காரப் பெண் ஒருத்தியைக் கடத்திய குற்றத்துக்காக லண்டன் சிறையில் இருந்துகொண்டு, சிட்னியைக் கண்ணால் பாராமலே, சிட்னியிலிருந்து எழுதியது போல அவர் எழுதிய நூல் 1829ஆம் ஆண்டு வெளிவந்தது.) நிலம் மலிவாயிருந்தால் கூலிக்கு ஆள் கிடைக்காது, எல்லாரும் சொந்தக்காரர்களாகிவிடுவர், ஆகையால் தொழிலாளி சில ஆண்டுகளாவது கூலி வேலை செய்தே தீரும்படி விலையை உயர்த்த வேண்டும், வரும் பணத்தில் மேலும் தொழிலாளரைக் கப்பலேற்றிக் கொண்டுவர வேண்டும் என்றார் அவர். கூலிக்காரன் நிலம் வாங்குவதற்காகச் சேர்க்கும் பணத்தைக் கொண்டே அவனுக்குப் போட்டியாக வேறு கூலிக்காரனைக் கொண்டுவரும் திட்டம் இது. தென் ஆஸ்திரேலியக் குடியேற்றம் 1836ஆம் ஆண்டில் இக்கொள்கையின் மேலேயே நிறுவப்பட்டது.

ஏழைக்கு ஒரு பவுன் எட்டாத விலை. ஆட்டுமந்தைக்காரர்களுக்கோ விலையே இல்லை. அவர்கள் 1829ஆம் ஆண்டு வகுத்த எல்லைக்கு அப்பால் மந்தையை ஓட்டிச் சென்று கண்ட இடத்தில் அமர்ந்தனர். தடுக்க முடியாத சர்க்கார் 1836ஆம் ஆண்டில் வருஷத்துக்கு 10 பவுன் லைசென்ஸ் வைத்தது. பரப்பு எத்தனை ஆயிரம் ஏக்கரானாலும் அதே 10 பவுன்! 1847ஆம் ஆண்டில் தொலைவட்டாரங்களில் 14 ஆண்டுக் குத்தகையும், தாம் அமர்ந்த நிலத்தை முதலில் வாங்கும் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்தன.

இதை உடைக்கவே ஜான் ராபர்ட்சன் 1861ஆம் ஆண்டுச் சட்டங்களைக் கொண்டுவந்தார். சர்வேக்கு முன்பே, குத்தகையிலுள்ள நிலமானாலும், எவரும் 40 முதல் 320 ஏக்கர் வரை தேர்ந்தெடுக்கலாம். விலை ஏக்கருக்கு ஒரு பவுன். அதில் கால் பங்கு முன்பணம். மூன்று ஆண்டு அங்கேயே குடியிருக்க வேண்டும். ஏக்கருக்கு ஒரு பவுன் பெறுமான அபிவிருத்தி செய்ய வேண்டும். மீதியைப் பிறகு செலுத்தலாம், அல்லது 5 சதவீத வட்டி கட்டிவரலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 320 ஏக்கருக்கு முன்பணம் 80 பவுன். வேலிக்கும் வீட்டுக்கும் காடு வெட்டுவதற்கும் 320 பவுன். பாக்கி 240 பவுனுக்கு வருஷ வட்டி 12 பவுன். முன்பணத்தை எப்படியோ திரட்டியவன் மற்றதற்குக் கடைக்காரனிடமும் வங்கியிடமும் போனான். மழை பொய்த்தால் நிலம் அவர்களுக்கு. 80 பவுனில் முடிந்துவிட்டதாக நினைத்த குடும்பங்கள் பல அதோடு நொடிந்தன.

மந்தைக்காரர் வேறு வழி கண்டனர். தங்கள் ஆட்டிடையர், உறவினர், குழந்தைகள் பெயரில்கூட நிலத்தைத் தேர்ந்தெடுத்துப் பின் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டனர். நாம் பினாமி என்று சொல்வது இதைத்தான். குடியிருப்பு நிபந்தனையை நிறைவேற்ற ஒரே குடிசையைச் சக்கரத்தில் ஏற்றி நிலத்துக்கு நிலம் இழுத்துச் சென்றதாகவும் கதை உண்டு. இதனினும் நுட்பமான தந்திரம் ஒன்று இருந்தது. ஆற்றோரத்தையும் நீர்க்குட்டைகளையும் மட்டும் துண்டு துண்டாக வாங்கிவிட்டால், சுற்றியுள்ள பல்லாயிரம் ஏக்கர் தண்ணீரின்றி எவர்க்கும் பயன்படாது. விலை கொடாமலே அது மந்தைக்காரர் வசம் நிற்கும். கிணற்றை எழுதி வாங்கினவன் புஞ்சையையும் ஆள்வான் என்பது நம் உழவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நியாயமாகச் சொன்னால் மறுபக்கமும் குற்றமற்றதன்று; மந்தைக்காரன் பணம் கொடுத்து விலக்குவான் என்பதற்காகவே அவன் நிலத்தின் நடுவில் தேர்ந்தெடுத்தவர்களும் இருந்தனர்.

சட்டத்தில் குடியிருப்பு நிபந்தனை எழுதப்பட்டிருந்தும், போய்ப் பார்க்க ஆளில்லை. சங்கங்களின் அங்கத்தினர் ஜாபிதாவைத் தணிக்கை செய்யும் நமக்கு இது வியப்பளிக்கவில்லை. தறியில்லாதவர் பெயரில் நூல் பட்டுவாடா ஆவதும், ஒரே வீட்டில் ஆறு பங்குதாரர்கள் இருப்பதும் ஏட்டைப் பார்த்தால் தெரியாது. தெருவில் இறங்கினால்தான் தெரியும். 1883ஆம் ஆண்டு மாரிஸ், ராங்கன் இருவரும் விசாரித்துக் கொடுத்த அறிக்கை இம்மோசடிகளை வெளிப்படுத்திற்று. 1884ஆம் ஆண்டுச் சட்டம் பெருமந்தை நிலங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மந்தைக்காரர்க்குக் குத்தகையாக விட்டு, மறுபாதியைக் குடியேறுவோருக்கு ஒதுக்கியது. அதற்குள் நல்ல நிலத்தில் பெரும்பகுதி கைமாறிவிட்டது.

நிற்க. இக்குழப்பத்திலிருந்து ஒரு நன்மையும் விளைந்தது. இனாம், ஏலம், அடமானம் என்று பத்திரங்கள் குவிந்து, நிலம் வாங்குபவர் முதற்பட்டா வரை பின்னோக்கிப் பார்க்க வேண்டியதாயிற்று. அடிலெய்டில் சுங்க அதிகாரியாக இருந்த ராபர்ட் டாரன்ஸ், கப்பல் உரிமையைப் பதிவேட்டில் மாற்றுவதுபோல நிலத்தையும் மாற்றலாமே என்று எண்ணினார். தென் ஆஸ்திரேலியாவில் 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சர்க்கார் பதிவேட்டில் உள்ள பெயரே உரிமை. கிரயமோ அடமானமோ அந்த ஏட்டில் ஏறினால்தான் செல்லும். ஏட்டின் பிழையால் ஒருவர் நிலம் இழந்தால் ஈடு தர ஒரு நிதியும் உண்டு. இம்முறை ஆஸ்திரேலியா முழுவதும் பரவி, மலேசியாவிலும் வழங்குகிறது.

நம் சார்பதிவாளர் அலுவலகத்தில் நடப்பது வேறு. அங்கே பத்திரந்தான் பதிவாகிறது. விற்றவருக்கு உரிமை இருந்தது என்று சர்க்கார் உறுதி கூறுவதில்லை. ஆதலின் நிலத்தின் பேரில் சங்கக் கடன் கோரும் அங்கத்தினர்கள் கிரயப் பத்திரத்தோடு தாய்ப் பத்திரம், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றையும் கொண்டுவருமாறு காரியதரிசிகள் கேட்பது வீண் அலைக்கழிப்பு அன்று. பட்டா இன்னும் தகப்பனார் பெயரிலேயே இருப்பவர்கள், கடன் மனு எழுதுவதற்கு முன்பே பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்துவிடுவது நல்லது.