பழைய கோலத்தில் புதிய விளையாட்டுகள்

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில ஊடாக மடுல்கெல்லைக்குச் செல்லும் பஸ் வண்டியில் அண்மையில் ஒரு சிறு காட்சியைக் காண நேர்ந்தது. பாடசாலை மாணவன் ஒருவன் கைத்தொலைபேசியில் விளையாடிக் கொண்டிருந்தான். திரையில் தெரிந்த மனிதர், மரம், மலை யாவும் சதுரப் புள்ளிகளால் ஆனவை. அருகில் இருந்த நடுத்தர வயதினர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, நாங்க சின்ன வயசுல வெளையாடின டீவி கேம் மாதிரி இருக்கே?" என்று வினவினார். "இல்லைங்க மாமா, இது புதுசு. போன வருசம்தான் வந்துச்சு" என்றான் மாணவன்.

அவர் வியப்படைந்தது நியாயமே. உண்மை உலகைப் போன்ற தோற்றத்தைத் திரையில் கொண்டுவரக்கூடிய கணினிகள் இன்று உள்ளன. அவ்வாறிருக்க, நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய கோலத்தை வலிந்து பூண்டு புதிய விளையாட்டுகள் வெளிவருவது ஏன்? 'ரெட்ரோ' என அழைக்கப்படும் இவை விளையாடத் தகுந்தவைதாமா, அன்றிப் பழம்பெருமையை விற்கும் வணிகமா? இது சிறுவர் விடயந்தானே என ஒதுக்கிவிட முடியாது. பிள்ளைகளின் நேரமும் பெற்றோரின் பணமும் இதில் சம்பந்தப்பட்டுள்ளன.

முதலில், பழைய விளையாட்டுகள் ஏன் அவ்வாறு தோன்றின என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். அது அக்காலக் கலைஞர்கள் விரும்பித் தெரிவு செய்த அழகு அன்று; இயந்திரத்தின் வறுமை. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய ஃபாமிகொம் கருவியில், நகரும் உருவங்களை ஆக்கும் சிறு துண்டுகளில் எட்டை மாத்திரமே ஒரு கிடைக்கோட்டில் காட்ட முடியும். அதற்கு மேற்பட்டவை மறைந்துபோகும். ஆகவே அவற்றை மாறி மாறிக் காட்டினர், உருவங்கள் மினுங்கின. 1985ஆம் ஆண்டு வெளிவந்து உலகப் புகழ்பெற்ற 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட் அளவினுள் அடங்கியது. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதனைப் போல் ஐம்பது மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக அவ்விளையாட்டில் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தையே பயன்படுத்தி, நிறத்தை மாத்திரம் மாற்றினர். மாரியோவின் தொப்பியும் மீசையும்கூட இவ்வாறு பிறந்தவையே. சில புள்ளிகளுக்குள் தலைமுடியையும் வாயையும் வரைய முடியாது எனக் கண்ட ஷிகெரு மியமோட்டோ, தொப்பியால் ஒன்றையும் மீசையால் மற்றையதையும் மறைத்தார்.

வறுமை சில வேளைகளில் வளத்தையும் தந்தது. 1978ஆம் ஆண்டு டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில், எதிரிகள் குறையக் குறைய எஞ்சியோர் வேகமாக நகர்வர். திட்டமிட்டு இவ்வாறு அமைக்கப்படவில்லை. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்தபோது இயந்திரத்தின் சுமை குறைந்து வேகம் கூடியது. அதனால் ஆட்டத்தின் விறுவிறுப்பு அதிகரிப்பதைக் கண்ட நிஷிகாடோ அதனைத் திருத்தாமல் விட்டார். விளையாடுபவன் திறமை பெறப் பெற ஆட்டமும் கடினமாக வேண்டும் என்ற விதி, இன்றுவரை இத்துறையின் அடிப்படைகளுள் ஒன்றாக இருந்து வருகின்றது.

இன்றைய கருவிகளில் அத்தடைகள் இல்லை. எனவே புதிய ரெட்ரோ விளையாட்டொன்று பழைய கோலத்தைப் பூணும்போது அது ஒரு தெரிவாகின்றது. அத்தெரிவு இரு வகைப்படும். பழையதன் தோலை மாத்திரம் எடுத்துக்கொள்வது ஒன்று. அதன் உள்ளே இருந்த சிக்கனத்தையும் ஒழுங்கையும் எடுத்துக்கொள்வது மற்றையது.

இரு உதாரணங்கள் இதனைத் தெளிவுபடுத்தும். 2008ஆம் ஆண்டு கப்கொம் நிறுவனம் வெளியிட்ட 'மெகா மேன் 9', இருபது ஆண்டுகளுக்கு முந்திய தனது விளையாட்டுகளைப் போன்றே தோன்றுமாறு ஆக்கப்பட்டது. விரும்பியோர் பழைய மினுங்கலையும் வேகத்தளர்வையும்கூட மீளப் பெற்றுக்கொள்ள அதில் வழி செய்யப்பட்டிருந்தது. பழைய கருவியுடன் வளர்ந்தவருக்கு அம்மினுங்கல் இளமையின் சின்னம். ஏனையோருக்கு அது வெறும் குறைபாடு. 2014ஆம் ஆண்டு வெளிவந்த 'ஷவல் நைட்' வேறு வழியில் சென்றது. நிறங்களும் இசையும் பழையனவாகத் தோன்றினும், மினுங்கல் நீக்கப்பட்டது. அகன்ற திரைக்கேற்பக் காட்சி விரிக்கப்பட்டது. மூன்று முறை தோற்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற பழைய கொடுமையும் கைவிடப்பட்டது. தோற்பவன் தன் பணத்தில் ஒரு பகுதியை இழப்பான். விழுந்த இடத்துக்கு மீண்டும் சென்றால் அதனைப் பெற்றுக்கொள்வான். பழையதில் எதனைக் காக்க வேண்டும், எதனை விட வேண்டும் என்ற ஆராய்ச்சி அங்கு நிகழ்ந்துள்ளது.

இங்குதான் மடுல்கெல்லைச் சிறுவனின் நிலை முக்கியத்துவம் பெறுகின்றது. ரெட்ரோ விளையாட்டுகளைப் புகழ்ந்து எழுதுவோரிற் பலர், எண்பதுகளில் ஜப்பானிலோ அமெரிக்காவிலோ தம் வீட்டு வரவேற்பறையில் அக்கருவிகளுடன் வளர்ந்தவர்கள். அவர்களது பாராட்டில் விளையாட்டின் தரம் எவ்வளவு, சொந்த இளமையின் ஏக்கம் எவ்வளவு எனப் பிரித்தறிவது கடினம். இலங்கையில் தொலைக்காட்சியே 1979ஆம் ஆண்டுதான் ஆரம்பமானது. ரூபவாஹினி 1982இல் வந்தது. அவ்வேளையில் மலையகத் தோட்டங்களின் லயன் அறைகளிற் பெரும்பாலானவற்றில் மின்சாரமே இருக்கவில்லை. கார் பற்றரியில் தொலைக்காட்சி பார்த்த காலம் இன்னும் பலருக்கு நினைவில் உள்ளது. ஆகவே பன்வில, மடுல்கெல்லைப் பகுதிகளில் வாழும் இளைஞன் ஒருவனுக்குச் சதுரப் புள்ளிகள் எவ்வித இளமை நினைவையும் தருவதில்லை. அவனது பெற்றோருக்கும் அத்தகைய நினைவு இல்லை. அவனைப் பொறுத்தவரை அது ஒரு விளையாட்டு. நன்றாக இருந்தால் விளையாடுவான், இல்லையேல் மூடிவிடுவான்.

எமது கருத்தில், புதிய ரெட்ரோ விளையாட்டு ஒன்றின் தகுதியை அளப்பதற்கு இதைவிடச் சிறந்த உரைகல் இல்லை. பழைய நினைவு எதுவும் இல்லாத ஒருவருக்கும் அது சுவை தருமாயின் அது விளையாடத் தகுந்தது. நினைவு உள்ளவருக்கு மாத்திரமே சுவை தருமாயின் அது ஒரு ஞாபகப் பொருள். வாங்குவோர் வாங்கட்டும், ஆயின் அதனைச் சிறந்த விளையாட்டு எனக் கூற வேண்டியதில்லை.

இச்சோதனையில் தேறியவை பல உள்ளன. 2018ஆம் ஆண்டு வெளிவந்த 'செலஸ்ட்' ஒரு மலையேற்றக் கதை. மனப்பதற்றத்தால் அவதியுறும் மேடலின் என்ற இளம்பெண், செங்குத்தான மலையொன்றின் உச்சியை அடைய முயல்கின்றாள். ஆயிரம் முறை விழ நேரும். ஆனால் விழுந்த கணமே அதே பாறையின் அடியில் மீண்டும் நிற்கலாம். இயலாதோர் ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் இடமுண்டு. நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் வாழ்வோருக்கு மலையேற்றத்தின் களைப்பைப் பற்றி எவரும் விளக்க வேண்டியதில்லை.

'ஸ்டார்டியூ வேலி' இன்னும் ஆழமாகச் சிந்திக்க வைப்பது. எரிக் பரோன் என்ற இளைஞர் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகத் தனியொருவராக வரைந்து, இசையமைத்து, நிரல் எழுதி 2016ஆம் ஆண்டு இதனை வெளியிட்டார். இதுவரை 4 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையாகியுள்ளன. பாட்டனார் விட்டுச்சென்ற பாழடைந்த நிலத்தைப் பேரன் அல்லது பேத்தி மீண்டும் பண்படுத்துவதே கதை. கோப்பிக் காலம் தொட்டுப் பல தலைமுறைகளாக மண்ணைப் பண்படுத்தியும், தாம் வாழும் நிலத்துக்கு உரித்தாளராக இன்னமும் ஆகாத குடும்பங்கள் எம்மிடையே பல உள்ளன. பாட்டனின் நிலம் பேரனுக்கு வரும் என்பது அமெரிக்க வாசகருக்கு இதமான ஒரு தொடக்கம். தோட்டத்துப் பிள்ளைக்கோ அது வேறொரு கேள்வியை எழுப்பக்கூடும். சதுரப் புள்ளிகளால் ஆன ஓர் ஆட்டம் அத்தகைய கேள்வியை எழுப்புமாயின் அதனை வீண் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிட முடியாது.

அடுத்து விலை. ஸ்டார்டியூ வேலியின் கைத்தொலைபேசிப் பதிப்பு சுமார் 5 அமெரிக்க டொலர். 2024ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டதை நினைவிற்கொண்டால், இது ஏறத்தாழ ஒரு தாயின் ஒரு நாள் உழைப்புக்குச் சமனாகும். ஒரு விளையாட்டுக்கு இது பெருந்தொகை என்பதை நாம் மறுக்கவில்லை. இதனாலேயே பிள்ளைகள் 'இலவச' விளையாட்டுகளின் பக்கம் செல்கின்றனர். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இணையவழிப் பாடங்களுக்காகக் கடன்பட்டேனும் கைத்தொலைபேசி வாங்கிய குடும்பங்கள் அநேகம். பாடங்கள் வகுப்பறைக்குத் திரும்பின. தொலைபேசி பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது.

இலவசம் எனப்படுவதில் உண்மையில் இலவசம் எவ்வளவு? ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் விளம்பரம். விளம்பரத்தைக் காட்டுவதற்கு டேட்டா. முன்னேற வேண்டுமாயின் காசு கொடுத்து வாங்க வேண்டிய நாணயங்கள். உள்ளே என்ன உள்ளது என அறியாமலே வாங்க வேண்டிய அதிர்ஷ்டப் பெட்டிகள். இவ்வாறான பெட்டிகள் சூதாட்டத்தை ஒத்தவை எனக் கண்டு பெல்ஜியம் 2018ஆம் ஆண்டே நடவடிக்கை எடுத்தது. கட்டுப்பாட்டை மீறிய விளையாட்டுப் பழக்கத்தை ஒரு நோயாக உலக சுகாதார நிறுவனமும் தனது வகைப்படுத்தலில் சேர்த்துள்ளது. அவ்வகைப்படுத்தல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இத்துடன் ஒப்பிடுகையில், ஒருமுறை பணம் செலுத்தினால் முழுமையாகக் கிடைத்து, இணைப்பின்றியும் இயங்கி, என்றோ ஒரு நாள் முடிவுக்கு வரும் விளையாட்டு நேர்மையானது. ரெட்ரோ விளையாட்டுகளிற் சிறந்தவை இவ்வகையைச் சேர்ந்தவை.

காசே செலவின்றி நல்லவற்றைப் பெறவும் வழியுண்டு. ஜப்பானைச் சேர்ந்த டைசுகே அமயா ஐந்து ஆண்டுகள் தனியாக உழைத்து 2004ஆம் ஆண்டு வெளியிட்ட 'கேவ் ஸ்டோரி'யின் மூலப் பதிப்பு இன்றும் இலவசமே. பழைய கணினியிலும் அது தடையின்றி இயங்கும். செலஸ்டின் முதல் வடிவம் 2015ஆம் ஆண்டு நான்கே நாட்களில் ஆக்கப்பட்ட சிறு விளையாட்டு. அதனையும் இலவசமாக விளையாடலாம்.

எனினும் சதுரப் புள்ளிகள் யாவும் நற்சான்றிதழ் அல்ல. அத்தோற்றத்தை ஆக்குவது ஒப்பீட்டளவில் மலிவு என்பதால், சோம்பலை மறைப்பதற்கும் அது பயன்படுகின்றது. காரணமற்ற கடினத்தையும் தெளிவற்ற விதிகளையும் வைத்துவிட்டு, 'அக்காலத்தில் அப்படித்தான்' எனச் சமாதானம் கூறும் போலிகள் சந்தையில் நிறைந்துள்ளன. பழைய விளையாட்டுகளிற் சில அளவுக்கு மீறிக் கடினமாக இருந்ததற்கு, கடைகளில் வைக்கப்பட்ட இயந்திரங்களில் மேலும் மேலும் நாணயம் போடச் செய்ய வேண்டியிருந்ததும் ஒரு காரணம். நாணயம் போடும் துவாரம் இல்லாத இக்காலத்தில் அக்கடினத்தைப் போற்றுவது பொருளற்றது. பெற்றோர் பார்க்க வேண்டியவை மிக எளியவை: ஆட்டம் இடையிடையே பணம் கேட்கின்றதா? தோற்றபோது தான் செய்த பிழை என்ன என்பது பிள்ளைக்கு விளங்குகின்றதா? நிறுத்து என்றால் நிறுத்த முடிகின்றதா?

இவ்விடயத்தில் எமக்கு இன்னொரு அக்கறையும் உண்டு. மேற்கூறியவற்றிற் பல, பெருநிறுவனங்கள் ஆக்கியவை அல்ல. ஒருவரோ இருவரோ ஆக்கியவை. வறிய இயந்திரம் தந்த சிக்கனம், இன்று வறிய கலைஞனுக்குக் கைகொடுக்கின்றது. ஆக்குவதற்கு வேண்டிய கொடோ போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எமது வாழ்வு விளையாட்டுக்கு உகந்த பொருளா என ஐயுறுவோருக்குக் கனடாவின் டொரொண்டோவில் ஆக்கப்பட்டு 2023ஆம் ஆண்டு வெளிவந்த 'வெண்பா' விடை கூறுகின்றது. அது புள்ளி ஓவியம் அன்று. ஆயினும் பழையதைப் புதிதாக ஆக்குவதில் எமக்கு மிக அண்மையான உதாரணம். புலம்பெயர்ந்த தமிழ்த் தாய் ஒருத்தி, எழுத்துகள் அழிந்துபோன தன் தாயின் சமையற் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லியையும் புட்டையும் மீண்டும் செய்து பார்ப்பதே அந்த ஆட்டம். இட்லிச் சட்டியைக் கண்டிராதவரும் அதனை விரும்பி விளையாடினர். 2024ஆம் ஆண்டு பிரித்தானியாவின் பஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதினை அதற்கு வழங்கியது. நினைவு இல்லாதவருக்கும் சுவை தர வேண்டும் என்ற எமது உரைகல்லில் எமது நினைவே தேறியிருக்கின்றது.

எனவே புதிய ரெட்ரோ விளையாட்டுகள் விளையாடத் தகுந்தவையா என்ற கேள்விக்கு, தேர்ந்தெடுத்தால் ஆம் என்பதே எமது விடை. அதற்கப்பால், மடுல்கெல்லையின் மாணவன் ஒருவனோ மாணவி ஒருத்தியோ ஒரு பழைய கணினியின் முன் அமர்ந்து, கொழுந்து நிறுக்கும் தராசையும், மூடுபனிக்குள் விளக்கெரித்து வரும் முதல் பஸ்ஸையும், எட்டு அடிக் காம்பிராவின் வாசலையும் சில சதுரப் புள்ளிகளில் வரைந்து பார்க்கும் நாள் வர வேண்டும். அதற்கு வேண்டிய கணினியையும் ஓய்வு நேரத்தையும் அவர்களுக்கு வழங்குவது பாடசாலைகளினதும் சமூகத்தினதும் கடமையாகும்.