ராச்டேல் மீண்டும் தழைக்குமா?

கூட்டுறவுச் சங்க அங்கத்தினருள் ராச்டேல் என்னும் பெயரைக் கேட்டறியாதவர் மிகச் சிலரே. 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி, அவ்வூரின் டோட் லேன் என்னும் சந்தில் 28 பேர் கொண்ட சங்கம் ஒரு சிறு கடையைத் திறந்தது என்பது நம் பயிற்சி வகுப்புகளின் முதல் பாடம். ஆனால் அத்துடன் பாடம் நின்றுவிடுகிறது. அதன் பின்னர் அவ்வூர் என்னவாயிற்று? நூற்பாலும் நெசவாலும் செழித்த அந்நகரின் ஆலைகள் இன்று எங்கே? அங்கே குடியிருக்கும் ஒருவர் தம் ஊரின் வருங்காலத்தைக் குறித்து எதை நம்பலாம்? தறியையும் நிலத்தையும் நம்பி வாழும் நாமும் இவ்வினாக்களைச் சிந்தித்துப் பார்ப்பது நலம்.

ஊர் வளர்ந்த கதை

ராச்டேல் இங்கிலாந்தின் வடமேற்கில், மாஞ்செஸ்டருக்கு ஏறத்தாழ 10 மைல் தொலைவில், குன்றுகளின் அடிவாரத்தில் உள்ளது. முதலில் அது கம்பளி நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். விசைத்தறி வந்த பிறகு கைத்தறியாளரின் கூலி ஆண்டுக்காண்டு குறைந்தது. கூலியை உயர்த்தக் கோரிய முயற்சிகள் தோல்வியுற்றன. கடைக்காரரிடம் கடன்பட்ட குடும்பங்கள், கலப்பட மாவையும் குறைந்த எடையையும் வாய் திறவாமல் ஏற்க நேர்ந்தது.

இந்நிலையிலேதான் அந்த 28 பேர் முன்வந்தனர். நெசவாளர் பலரும் பிற தொழிலினர் சிலரும் அவர்களுள் இருந்தனர். ஆளுக்கு ஒரு பவுனாக 28 பவுன் மூலதனம் சேர்த்து, மாவு, ஓட்ஸ் மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி ஆகியவற்றை விற்கத் தொடங்கினர். கலப்படமற்ற பண்டம், சரியான எடை, ரொக்க வியாபாரம், ஆளுக்கு ஒரே ஓட்டு, கொள்முதலுக்கேற்ற லாபப் பங்கீடு என்பன அவர்களுடைய விதிகள். பின்னர், மிச்சத்தில் 2½ சதவீதத்தைக் கல்விக்கென ஒதுக்கினர். வெளியே கசிந்துகொண்டிருந்த ஏழைகளின் பணத்தை அவர்களிடமே திரும்பச் செய்ததுதான் இவ்விதிகளின் சாரம்.

தளர்ந்த காரணம்

சங்கம் வளர்ந்தது, நகரமும் பருத்தித் தொழிலால் பெருகிற்று. எனினும் அப்பெருக்கத்தில் ஒரு பலவீனம் இருந்தது. பஞ்சு அமெரிக்காவிலிருந்து வந்தது. துணியோ அயல்நாட்டுச் சந்தைகளை நம்பியிருந்தது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டபோது பஞ்சு வரத்து நின்று, லங்காஷயர் முழுவதும் ஆலைகள் முடங்கின. வேலையிழந்த ஆலைத் தொழிலாளர் ராச்டேலுக்கு மேலுள்ள மேட்டு நிலத்தில் கல் பரவிச் சாலை அமைத்தனர். பஞ்சுப் பஞ்சச் சாலை என்னும் பொருள்படும் பெயரால் அது இன்றும் அழைக்கப்படுகிறது.

லங்காஷயர்த் துணி நம் நாட்டுக் கைத்தறியை நசுக்கிய வரலாற்றை நாம் அறிவோம். நம் சந்தையை நம்பியே அங்குள்ள தொழிலாளரும் உயிர் வாழ்ந்தனர் என்பது அதன் மறுபக்கம். 1931இல் காந்தியடிகள் லங்காஷயர் சென்று, வேலையற்ற ஆலைத் தொழிலாளரை நேரில் கண்டு, இந்தியக் கிராமங்களின் வறுமையை அவர்களுக்கு எடுத்துரைத்தார். இந்தியாவும் ஜப்பானும் தாமே துணி நெய்யத் தொடங்கியபின் லங்காஷயரின் வீழ்ச்சி தவிர்க்க முடியாததாயிற்று. 1959இல் பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு சட்டம் இயற்றி, பழைய இயந்திரங்களை உடைத்தெறிய ஆலைகளுக்கு நஷ்ட ஈடு அளித்தது. 1950களிலும் 1960களிலும் பாகிஸ்தானிலிருந்து வந்து இரவு ஷிப்டில் உழைத்தோரும், ஆலைகள் மூடப்பட்டபோது ஏனையோருடன் சேர்ந்து வேலையிழந்தனர்.

மற்றொரு கசப்பான சொத்தும் அவ்வூருக்கு வாய்த்தது. 1879 முதல் அங்குள்ள ஓர் ஆலையில் கல்நார் நூலைக் கொண்டு விசையால் துணி நெய்தனர். அவ்வாலையில் வேலை செய்த பெண் ஒருத்தி 1924இல் நுரையீரல் கெட்டு இறந்தாள். கல்நாரால் நேர்ந்த மரணமென மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டவற்றுள் அது முதன்மையானது. வேலை தருவதெல்லாம் வாழ்வு தருவதாகாது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

நம்பிக்கைக்கு இடம் உண்டா?

உண்டு. கண்ணுக்குத் தெரியும் மாறுதல்கள் சில நிகழ்ந்துள்ளன. 2014இல் டிராம் வண்டி நகரின் நடுப்பகுதி வரை வந்தது. நெடுங்காலம் சாலைக்கடியில் மறைந்திருந்த ராச் ஆறு 2016இல் மீண்டும் வெளிச்சத்துக்குக் கொணரப்பட்டது. அதன் பழம் பாலத்தை மக்கள் இப்போது காண்கின்றனர். 1871இல் திறக்கப்பட்ட அழகிய நகர மண்டபம் புதுப்பிக்கப்பட்டு 2024இல் மீண்டும் திறக்கப்பட்டது. தம் ஊரைக் குறித்து வெட்கப்பட்டவர் பெருமைப்படுவதும் ஒரு மூலதனமே. ஆயினும் ஆறும் மண்டபமும் அடுப்பெரிக்கப் போதா.

அடுப்பெரியும் வழிக்கு அருகிலுள்ள பிரெஸ்டன் நகரம் ஓர் எடுத்துக்காட்டு. வெளியார் முதலீட்டில் 70 கோடி பவுன் செலவில் அங்கே எழவிருந்த பெரும் அங்காடித் திட்டம் 2011இல் கைவிடப்பட்டது. அதன்பின் நகர மன்றத்தார் தம் கைப்பணத்தையே கணக்குப் பார்த்தனர். நகர மன்றம், மாவட்ட மன்றம், காவல்துறை, இரு கல்லூரிகள், ஒரு வீட்டுவசதிச் சங்கம் ஆகிய ஆறும் 2012-13இல் பிரெஸ்டனுக்குள் செலவிட்ட தொகை 3 கோடி 80 லட்சம் பவுன். அது அவற்றின் கொள்முதலில் 5 சதவீதமே. ஒப்பந்தங்களைச் சிறு பகுதிகளாகப் பிரித்து உள்ளூர்த் தொழிலினரும் பண்ணையாளரும் கேட்கத்தக்கவையாக்கினர். 2016-17இல் அத்தொகை 11 கோடி 20 லட்சம் பவுனாக உயர்ந்து, கொள்முதலில் 18 சதவீதமாயிற்று. புதிய வரியும் இல்லை. வெளியூர்ப் பணக்காரரின் தயவும் இல்லை. 1844இல் டோட் லேன் கடை செய்ததையே இக்காலத்தில் ஒரு நகரம் செய்துகாட்டியது. பெரிய ஆலையொன்று வருமெனக் காத்திராமல் இவ்வழியை நம்பும் ராச்டேல்வாசியின் நம்பிக்கை வீண் நம்பிக்கையன்று.

பெயர் மட்டும் போதுமா?

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். 1854இல் ராச்டேல் முன்னோடிகள் ஒரு கூட்டுறவு ஆலையையும் தொடங்கினர். லாபத்தில் மூலதனத்துக்கு மட்டுமன்றித் தொழிலாளருக்கும் பங்கு உண்டென்பது அதன் விதி. ஆலை செழித்தது, லாபத்தை நாடிப் புதியவர் பலர் பங்கு வாங்கினர். 1862இல் அவர்களே பெரும்பான்மையாகித் தொழிலாளர் பங்கை ஓட்டெடுத்து நீக்கிவிட்டனர். முன்னோடிகளின் ஊரிலேயே, அவர்கள் வாழ்ந்த காலத்திலேயே இது நடந்தது.

அண்மையிலும் ஒரு துயரம் நேர்ந்தது. 2012இல் நகரின் பதினாயிரத்துக்கு மேற்பட்ட வாடகை வீடுகள், குடியிருப்போரும் ஊழியரும் அங்கத்தினராய் உள்ள ஒரு சங்கத்தின் உடைமையாயின. அவ்வீடுகளுள் ஒன்றில், சுவரில் படர்ந்த பூஞ்சணத்தால் நோயுற்று, 2020இல் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. பெற்றோரின் முறையீடு பயன் தரவில்லை என்பது 2022ஆம் ஆண்டு விசாரணையில் வெளிப்பட்டது. அக்குழந்தையின் பெற்றோர் ஓயாது போராடியதன் பயனாக, இத்தகைய குறைகளைக் குறித்த காலத்துக்குள் தீர்க்கவேண்டுமென்று 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் வகை செய்யப்பட்டது. பெயர்ப்பலகையில் அங்கத்தினர் உடைமை என்று எழுதியிருப்பது அங்கத்தினரின் குரலுக்கு ஈடாகாது.

ஆகவே ராச்டேல்வாசி நம்பத்தக்கவை மூன்று: ஊரின் பணம் ஊருக்குள்ளேயே சுழல்வது, ஒரே தொழிலை நம்பாமல் பல தொழில்கள் வேர்கொள்வது, ஒவ்வொரு நிறுவனத்தையும் அதன் அங்கத்தினர் கண்விழித்துக் காப்பது. முதலிரண்டும் பலித்து மூன்றாவது தவறினால், 1862ஆம் ஆண்டின் கதையே திரும்பும்.

டோட் லேன் கடை 1931 முதல் காட்சிச்சாலையாக விளங்குகிறது. அதைப் பார்த்து வியப்பது எளிது. நம் சங்கத்தின் அடுத்த பொதுமகாசபைக்குச் சென்று, வரவு செலவைப் படித்து, விளங்காததைக் கேட்பது சற்றுக் கடினம். முன்னோடிகள் மிச்சத்தில் ஒரு பங்கைக் கல்விக்கு ஒதுக்கியது இந்தக் கடினமான வேலைக்காகவே.