கொல்லுலையில் முதற் படிகள்

கொல்லுத் தொழில் பழக வரும் இளைஞருக்கு வாள் அடிக்கும் ஆசை இருப்பது இயல்பே. ஆயினும் வாள் கடைசிப் பாடம். முதற் பாடம் இரும்பையும் நெருப்பையும் அறிவதாகும்.

இரும்பைத் தெரிதல்: காணியிலோ காட்டிலோ கண்டெடுத்த பழைய இரும்பை உலையில் இடவே கூடாது. போர் 2009 இல் முடிந்தாலும், வடக்குக் கிழக்கு மண்ணில் வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடக்கின்றன. சந்தேகமான பொருளைத் தொடாமல் பொலிசாருக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவியுங்கள். இரு முனையும் மூடிய குழாயும் சூட்டில் வெடிக்கும். நாகம் பூசிய தகட்டிலிருந்து எழும் வெண்புகை காய்ச்சலை உண்டாக்கும். பழகுவதற்கு ஏற்றது, வாகனத் திருத்தகங்களில் கிடைக்கும் லொறி வில்லுத்தகடு.

உலைக்களம்: கரி எரியும்போது எழும் காபனோரொட்சைட்டு மணமற்ற நச்சுவாயு. ஆகவே உலை காற்றோட்டமான கொட்டிலிலேயே இருத்தல் வேண்டும். பருத்தி உடையும் தோற் சப்பாத்தும் கண்ணாடியும் அணிக. நைலோன் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வாளியும் மணலும் அருகிலிருக்கட்டும். வேலை தொடங்குமுன் சுத்தியற் பிடி இறுகியுள்ளதா எனப் பார்க்கவும். கையைத் தொங்கவிட்டு நிற்கையில் முட்டி மட்டத்தில் பட்டடை இருந்தால் முதுகு நோகாது.

சூட்டை அறிதல்: சிவந்த இரும்பைக் கண்டு எல்லோரும் விலகுவர். சுடுவது பெரும்பாலும் கறுத்த இரும்பே. 400 பாகை செல்சியஸில் உள்ள இரும்பு பகல் வெளிச்சத்தில் குளிர்ந்தது போலவே தோன்றும். எனவே கொட்டிலில் கிடக்கும் எந்த இரும்பையும் சூடானதென்றே கருதி, குறட்டால் எடுக்கப் பழக வேண்டும்.

வரிசை: முதலில் ஆணி, கொளுக்கி, அடுத்து உளி, பின்னர் சிறு கத்தி. கத்தியைக் காந்தம் ஒட்டாத அளவுக்கு, ஏறத்தாழ 770 பாகைக்குச் சற்று மேல், சூடாக்கி எண்ணெயில் தோய்த்தால் அது கடினமாகும். எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் இரும்பு மூடியால் மூடுங்கள். கடினமான கத்தி கண்ணாடி போல் உடையக்கூடியது. அதை மினுக்கி மெதுவாகச் சூடாக்கினால் மேற்பரப்பில் வைக்கோல் நிறம் படரும். அது ஏறத்தாழ 220 பாகை. அப்போது கூர்மையும் உறுதியும் ஒருங்கே கிடைக்கும். நீல நிறம் வரை, ஏறத்தாழ 300 பாகைக்குச் சூடாக்கினால் வளைந்து கொடுக்கும் தன்மை கூடும்.

வாள் ஏன் கடைசி என்பது இப்போது விளங்கும். அதன் நீளம் முழுவதும் சூடு சீராக அமைய வேண்டும். ஓரிடத்தில் தவறினாலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஏற்பட்டு, வீசும்போது உடைந்து பறக்கும்.

இத்தொழில் நெடுங்காலம் தந்தையின் துருத்தியருகே மகன் கற்றது. சுத்தியலின் ஓசையையும் நெருப்பின் நிறத்தையும் எந்த ஏட்டாலும் முழுமையாகக் கற்பிக்க இயலாது. ஆகவே உங்கள் ஊரில் உள்ள முதிய கொல்லரை மரியாதையோடு அணுகி, அவர் உழைப்புக்கு உரிய ஊதியமும் கொடுத்துப் பழகுங்கள். நாம் முதலில் அடிக்க வேண்டியது வயலுக்குப் போகும் மண்வெட்டியே.