பட்டத்துக்கு முந்திய படி: வன்னியில் கணினி உயர் டிப்ளோமா

ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து ஜோலியற் நகரில் 1901ஆம் ஆண்டு தொடங்கிய கல்லூரியை முன்னோடியாகக் கொண்டு பெருகிய சமுதாயக் கல்லூரிகள், பல்கலைக்கழகத்துக்கு நேரே செல்ல இயலாதவர்கள் தம் ஊருக்கு அண்மையிலேயே இரண்டு ஆண்டுகள் பயின்று இணைப் பட்டம் பெறவும், விரும்பினால் அங்கு ஈட்டிய ஏறத்தாழ 60 கற்கைப் புள்ளிகளோடு பல்கலைக்கழகமொன்றின் மூன்றாம் ஆண்டில் சேரவும் வழி செய்கின்றன. இலங்கையில் இம்முறை இதே வடிவில் இல்லை. ஆனால், க.பொ.த. உயர்தரத்தில் சித்தியடைந்தும் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியை எட்டாத, வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாணவருக்குச் செய்நிரலாக்கம் கற்க அதையொத்த வாயில்கள் மூன்று உள்ளன. பல்கலைக்கழக இடங்களில் 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கென ஒதுக்கப்படுவதும், இம்மூன்று மாவட்டங்களும் அப்பட்டியலில் இருப்பதும் உண்மையே எனினும், தகுதி பெற்றோரில் பெரும்பகுதியினர் வெளியே நிற்கும் நிலை அதனால் மாறிவிடவில்லை.

முதலாவது வாயில், 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கை உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகம். வவுனியா உட்படப் பல நகரங்களில் அது நடத்தும் தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமா, முழுநேர மாணவரிடம் கற்பித்தற் கட்டணம் பெறாமல், செய்நிரலாக்கம், தரவுத்தளம், முறைமைப் பகுப்பாய்வு ஆகியவற்றோடு தொழிற்றளப் பயிற்சியையும் உள்ளடக்குகிறது. இரண்டாவது, தேசிய தொழிற்றகைமை எனப்படும் ஏழு மட்டங்களைக் கொண்ட ஏணி. அதில் முதல் நான்கும் சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள், ஏழாவது பட்டத்துக்குச் சமமானது. ஜேர்மன் அரசின் உதவியோடு 2016இல் கிளிநொச்சி அறிவியல்நகரில் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் வாகனத் தொழில்நுட்பம் போன்ற துறைகளுடன் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தையும் இந்த ஏணியிலேயே கற்பிக்கிறது. மூன்றாவது, 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு இன்று கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பொறுப்பில் உள்ள வெளிவாரிப் பட்டம். முதலாண்டோடு நின்றால் டிப்ளோமா, இரண்டாமாண்டோடு நின்றால் உயர் டிப்ளோமா, மூன்றையும் முடித்தால் பட்டம் என வகுக்கப்பட்ட இதுவே அமெரிக்க முறைக்கு மிக நெருங்கியது. வீட்டின் நிலைமை இடைநடுவில் மாறக்கூடிய மாணவருக்கு இவ்வமைப்பு பெரும் பாதுகாப்பு.

இவ்வாயில்கள் வன்னிக்குப் பிந்தித் திறந்தமைக்குக் காரணம் போர். தேசிய மின்வலையமைப்பு எட்டாதிருந்த காலத்தில் மின்பிறப்பாக்கியையும் மண்ணெண்ணெயையும் நம்பியே அங்கு கணினிகள் இயங்கின. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின்னர் புலம்பெயர்ந்த தொழில்நுட்பவியலாளர் துணையுடன் கிளிநொச்சியில் இயங்கிய ‘வன்னிரெக்’ என்னும் நிலையம் கணினியையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் கற்பித்தது. தொழில்நுட்பத்தை மொழியிலிருந்து பிரித்துக் கற்பிக்க முடியாது என்பதை அதை நடத்தியோர் அன்றே அறிந்திருந்தனர் என்றே கொள்ள வேண்டும். 2008இலும் 2009இலும் நேர்ந்த இடப்பெயர்வில் அம்முயற்சியும் சிதறியது.

மொழித் தடை இன்னும் நீங்கவில்லை. உயர்தரத்தில் பாய்ச்சற்கோட்டுப்படம், மாறி, தரவுத்தளம் என எல்லாவற்றையும் தமிழிலேயே படித்து, பைதன் மொழியில் செய்நிரல் எழுதியும் பழகிய மாணவர், டிப்ளோமா வகுப்பில் விரிவுரை, பாடநூல், பரீட்சை அனைத்தையும் ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறார். அவருக்குக் கருத்து புதியதன்று, வாக்கியமே புதியது. ஆகவே முதல் அரையாண்டில் பின்தங்குவோரைக் கணிதம் வராதவர் என்று ஒதுக்குவது தவறான கணிப்பு.

எனினும், இக்கல்வியின் பெறுமதியைத் தீர்மானிப்பது வகுப்பறையை விடத் தொழிற்றளப் பயிற்சியே. மென்பொருள் நிறுவனங்கள் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குவிந்திருப்பதால், கட்டணமின்றிப் படித்த மாணவர் பயிற்சிக் காலத்தில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கடன்பட நேர்கிறது; பெண் பிள்ளைகளைத் தனியே அனுப்பத் தயங்கும் குடும்பங்களில் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஆனால் வன்னியில் செய்நிரலாளருக்கு வேலை இல்லை என்று சொல்வதற்கில்லை. வடக்கின் அலுவலகங்களில் நீண்டகாலமாகப் புழங்கிவரும் பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியிடங்களில் தமிழ் உருக்களைப் பொருத்திய பழைய எழுத்துரு. அதில் தட்டச்சான பட்டியல் திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்குப் பொருளற்ற இலத்தீன் எழுத்துத் தொடராகவே இருப்பதால், அதில் ஒரு பெயரை யுனிகோடுத் தமிழில் தட்டித் தேடவோ தமிழ் அகரவரிசையில் அடுக்கவோ இயலாது. யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் உண்டு. ஆனால், பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட ஒரே ஆளின் பெயரை இனங்காணும் செய்நிரலை, அந்தப் பெயர்களோடு வளர்ந்தவர்தான் செம்மையாக எழுத முடியும். இடப்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்த குடும்பங்கள் நிறைந்த நிலத்தில் இது சில்லறை வேலையன்று. கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கு, இரணைமடு போன்ற குளங்களின் நீர்ப்பங்கீட்டுப் பதிவு, நெல் ஆலைகளின் கொள்முதல் ஏடு ஆகியனவும் இத்தகைய பயிற்சிக் களங்களே.

டிப்ளோமாவுக்குரிய மதிப்பு குறித்த சர்ச்சையும் தீர்ந்தபாடில்லை. 2015 ஒக்ரோபரில், கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா மாணவர்கள் தமது தகைமையை வணிகமாணிப் பட்டத்துக்குச் சமமாகக் கருதக் கோரிக் கொழும்பில் ஆர்ப்பாட்டம் செய்தபோது பொலிஸாரின் தடியடிக்கு உள்ளாயினர். கணினித் துறையில் தனியார் நிறுவனங்கள் சான்றிதழை விட எழுதிய செய்நிரலையே முதலில் பார்ப்பதால் அச்சிக்கல் ஓரளவு தணிகிறது. அரச பதவியை நாடுவோருக்கு அது அப்படியே நிற்கிறது. அவர்களுக்குப் பட்டம் வரை செல்லும் வழி தேவை. வவுனியாப் பல்கலைக்கழகம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகமாக இருந்து 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. பம்பைமடுவில் தகவல் தொழில்நுட்பப் பட்டம் வழங்கும் அப்பல்கலைக்கழகம், அதே நகரில் டிப்ளோமா முடித்தவரை இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் நேரே சேர்க்கும் நிலையான வழியொன்றை வகுப்பது நியாயமான எதிர்பார்ப்பு. அதற்குச் சட்டமும் காலமும் வேண்டும். அதுவரை காத்திராமல், பிரதேச சபைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் ஆண்டுதோறும் இரண்டு மூன்று டிப்ளோமா மாணவரையேனும் பயிற்சிக்கு ஏற்று, அவர்களுக்கு உணவுச் செலவையும் உண்மையான வேலையையும் கொடுக்க இன்றே முன்வர வேண்டும்.